இனிஷியல் போனா பேரும் போகுமா?

முதல்ல ஒரு குட்டி க்விஸ். வி.சி.கணேசன் யாரு?

முழிக்காதீங்க. வீட்டுல தாத்தா, பாட்டி இருந்தா கேளுங்க, அரை செகண்டுல சொல்லிடுவாங்க. நம்ம நடிகர் திலகம் சிவாஜி கணேசன்தான்! ‘சி’ங்கறது அவங்க அப்பா சின்னையா. ‘வி’..? எங்க ஊரு பாஸ், விழுப்புரம்! (காலரைத் தூக்கி விட்டுக்கறேன், கண்டுக்காதீங்க.) முன்னாடி இருக்கற ‘சிவாஜி’, பெரியார் கொடுத்த பட்டம்.

அப்படியே ஹைவேஸைப் பிடிச்சு சென்னைப் பக்கமா கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் போனா திண்டிவனம். அதுக்குப் பக்கத்துல ஓமந்தூர். 1947-லிருந்து 1949 வரைக்கும் அன்றைய சென்னை மாகாணத்துக்கு முதல்வரா இருந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியாரோட ஊரு. அவரு பேருல நிக்கற ‘ஓ’ இந்த ஓமந்தூர்தான். நாளாவட்டத்துல பேரு பின்னாடி போய், ஊரு முன்னாடி வந்து, ‘ஓமந்தூரார்’னே ஆகிட்டாரு. காங்கிரஸ் தலைவர் ராமமூர்த்தியைச் சொல்லணும்னா ஊரைச் சுருக்கக்கூட மாட்டாங்க. முழுசா ‘திண்டிவனம் ராமமூர்த்தி’தான்.

ஆக, நம்ம பக்கத்துல ஒரு ஆளோட பேருங்கறது ஒத்தை வார்த்தை இல்லை. ஊரு, அப்பா, தன் பேருன்னு துண்டு துண்டா இருக்கறதை ஒட்டவெச்ச சமாசாரம். கம்ப்யூட்டரும் அதைத் துண்டு துண்டாத்தான் வெச்சிருக்கும். ஹால் டிக்கெட், பஸ் பாஸ், சர்டிஃபிகேட்னு எதை அடிச்சாலும் டேட்டாபேஸ்ல இருக்கற அந்தத் துண்டுகளை ஒரு ‘கொயரி’ போட்டு ஒட்டித்தான் எடுக்கணும். அந்த ஒட்டுற வேலையில நான் வாங்கின பல்பைப் பத்தித்தான் இந்த வாரம் உங்ககிட்ட சொல்லப் போறேன்.

மேடையில ஒரு கேப்

எங்க டிபார்ட்மென்ட்ல சிம்போசியம். சுத்துப்பட்டு காலேஜ்லேர்ந்தெல்லாம் வந்திருந்தாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல இனிஷியலுக்கு ஒரு ஃபீல்டு, பேருக்கு ஒரு ஃபீல்டு. டேட்டாபேஸ், மை எஸ்க்யூஎல். சர்டிஃபிகேட்டுக்குப் பேரை எடுத்துக் கொடுக்கற பொறுப்பு என்னோடது. என்ன பெரிய வேலை? துண்டுகளை ஒட்ட ‘கன்கேட்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. இனிஷியலைப் போடு, ஒரு புள்ளி, ஒரு ஸ்பேஸ், அப்புறம் பேரு. ஒத்தை வரி. அடிச்சு எடுத்து பிரின்ட்டுக்குக் கொடுத்துட்டு பிரியாணி சாப்பிடப் போய்ட்டேன்.

சாயங்காலம் பரிசளிப்பு. பேப்பர் பிரசென்டேஷன்ல ரெண்டாவது பரிசு. மைக் பிடிச்ச ஃப்ரெண்டு லிஸ்ட்டைப் பார்க்கறான். அப்புறம் என்னைப் பார்க்கறான். மறுபடி லிஸ்ட்டைப் பார்க்கறான். அந்த வரியில காலேஜ் பேரு இருக்கு, தலைப்பு இருக்கு, ஆளு பேரு இருக்கற இடம் வெள்ளையா இருக்கு. கடைசியில, “திண்டிவனத்துலேர்ந்து வந்திருக்கற... அந்த... பேப்பர் பிரசென்ட் பண்ணவங்க வாங்க”ன்னு கூப்பிட்டான்.

ஒரு செகண்ட் இயர் பொண்ணு எழுந்து வந்தாங்க. சர்டிஃபிகேட்டை வாங்கிப் பார்த்தாங்க. ‘இதனால் சான்றளிக்கப்படுவது யாதெனில்’னு ஆரம்பிச்சு கோடு போட்டிருக்கு. கோட்டுக்கு மேல ஒண்ணுமே இல்லை. சண்டை போடுவாங்கன்னு பார்த்தேன். போடலை. “பரவால்லண்ணா, எனக்கு இனிஷியல் கிடையாது. அதான் இப்படி ஆகியிருக்கும். எங்கேயாச்சும் ஆகும்”னாங்க.

அந்த ‘எங்கேயாச்சும் ஆகும்’தான் அன்னிக்கு ராத்திரி என்னைத் தூங்க விடலை.

பேருதான் ‘நல்’!

ஃபார்ம் எழுதின நண்பன் உஷார் பார்ட்டி. இனிஷியல் கட்டத்தை யாராச்சும் காலியா விட்டா அங்கே ‘நல்’னு பதிவாகிற மாதிரி எழுதியிருந்தான். அது சரியான முறைதான். ‘நல்’னா பூஜ்யம் இல்லை, வெத்து இடமும் இல்லை. ‘இங்கே மதிப்பே இல்லை, என்னன்னு தெரியாது’ன்னு அர்த்தம்.

தப்பு என் வரியில. 1970-ல எட்கர் காட் அப்படிங்கற ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ‘ரிலேஷனல்’ டேட்டாபேஸுக்கான ஐடியாவைப் போட்டார். அந்த வம்சத்துல வந்த எஸ்க்யூஎல் மொழியில ஒரு கறார் விதி: தெரியாததோட எதைச் சேர்த்தாலும் தெரியாததுதான். ஹாஸ்டல் மெஸ்ஸை யோசிச்சுப் பாருங்க. சாதம் என்னன்னு தெரியும். அதுல ஊத்தின குழம்பு என்னன்னு தெரியாது. இப்போ தட்டுல இருக்கறது என்ன? சமைச்சவருக்கே தெரியாது!

அதே மாதிரி நல் + புள்ளி + ஸ்பேஸ் + பேரு = நல். இனிஷியல் இல்லாத குத்தத்துக்கு, டைப் பண்ணி பத்திரமா வெச்சிருந்த பேரையும் சேர்த்து முழுங்கிடுச்சு. எர்ரர் மெசேஜ்கூட கிடையாது. வரியை அப்படியே வெள்ளையா விட்டுட்டுப் போயிடும். பேருதான் ‘நல்’, பண்றதெல்லாம் கெட்டது!

டெஸ்ட் பண்ணலியாடான்னு நீங்க கேட்கறது காதுல விழுது. பண்ணோம். பத்து பேரைப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் எங்க கிளாஸ் பசங்க பேரு. எங்க பத்து பேருக்குமே இனிஷியல் இருந்துச்சு.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, இந்த விஷயத்துல ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு ஜாதகம். எஸ்க்யூஎல் விதிப்படி ஒட்டறதுக்கு ரெண்டு செங்குத்துக் கோடு (||). போஸ்ட்கிரெஸ்ல இதைப் போட்டா, நல் வந்ததும் பேரு காலி. அதே கோட்டை ஆரக்கிள்ல போட்டா பேரு தப்பிச்சுடும், ஏன்னா ஆரக்கிள் நல்லையும் வெத்து எழுத்தையும் ஒண்ணாவே நினைக்குது. மை எஸ்க்யூஎல்ல வழக்கமான செட்டிங்ல அந்தக் கோட்டுக்கு ‘அல்லது’ன்னு அர்த்தம்! பேரை ஒட்டச் சொன்னா பூஜ்யமா ஒண்ணான்னு பதில் சொல்லும். மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்ல கூட்டல் குறி போட்டு ஒட்டினா நல் முழுங்கும். 2012 பதிப்புல வந்த ‘கன்கேட்’ போட்டா முழுங்காது. ஆனா அதே பேருல மை எஸ்க்யூஎல்ல இருக்கற ‘கன்கேட்’ முழுங்கும். ஒரே பேரு, ரெண்டு குணம். ஒரு இடத்துல ஓடின வரியை இன்னொரு இடத்துல அப்படியே ஒட்டறவங்க இந்த இடத்துலதான் வழுக்கி விழறாங்க.

ஸ்பேஸ் யாருக்குச் சொந்தம்?

மறுநாள் திருத்த உட்கார்ந்தேன். ‘கோலெஸ்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ‘நல் வந்தா அதுக்குப் பதிலா இதை வெச்சுக்கோ’ன்னு சொல்றது. நல் வந்தா வெத்து எழுத்தை வெச்சுக்கச் சொன்னேன். பேரு திரும்பி வந்துடுச்சு! ஆனா எப்படி வந்துச்சு தெரியுமா? முன்னாடி ஒரு புள்ளி, அப்புறம் ஒரு ஸ்பேஸ், அப்புறம் பேரு. தலையில்லாத முண்டம் மாதிரி.

புள்ளி கண்ணுக்குத் தெரியும், எடுத்துடலாம். ஸ்பேஸ்தான் வில்லன். ஒரு இடைவெளிதானே, போனா போகுதுன்னு விட்டா அது பின்னாடி வந்து கழுத்தைப் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கு ஸ்பேஸும் ஒரு எழுத்து. ஆஸ்கி வரிசையில அதோட நம்பர் 32. இங்கிலீஷ் ‘ஏ’வோட நம்பர் 65. அந்த வரிசைப்படி அடுக்கினா, முன்னாடி ஸ்பேஸ் இருக்கற பேரெல்லாம் ‘ஏ’வுக்கும் மேல போய் உட்கார்ந்துக்கும். லிஸ்ட்ல தன் பேரை ‘எஸ்’ல தேடறவங்களுக்குக் கிடைக்காது. ஒரு லிஸ்ட்ல ஸ்பேஸோட இருக்கற பேரும், இன்னொரு லிஸ்ட்ல ஸ்பேஸ் இல்லாத பேரும் ஒண்ணான்னு கேட்டா, ‘இல்லை’ன்னு சொல்லிடும். பேருக்குப் பின்னாடி தொங்கற ஸ்பேஸைப் பல டேட்டாபேஸ்கள் மன்னிச்சு விட்டுடும். முன்னாடி நிக்கறதை மன்னிக்கவே மன்னிக்காது. ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டையும் பேங்க் லிஸ்ட்டையும் ஒத்துப் பார்க்கற இடத்துல இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

அப்போதான் ஒரு கேள்வி தோணுச்சு. இனிஷியலுக்கும் பேருக்கும் நடுவுல இருக்கே அந்தப் புள்ளியும் ஸ்பேஸும், அது யாருக்குச் சொந்தம்? நான் அதைப் பொதுச் சொத்தா வெச்சிருந்தேன். ஆனா நியாயமாப் பார்த்தா அது இனிஷியலோட சொத்து. இனிஷியல் வந்தா கூட வரணும், வரலைன்னா கூடவே போகணும். பேருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஸோ, முதல்ல இனிஷியலையும் புள்ளி, ஸ்பேஸையும் மட்டும் தனியா ஒட்டணும். இனிஷியல் நல்லா இருந்தா (நல்ல ‘நல்லா’ இல்லைங்க, இந்த ‘நல்’லா!) அந்தப் பொட்டலம் மொத்தமும் நல் ஆகிடும். அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் கோலெஸ் போட்டு, வெத்து எழுத்தா மாத்தி, அதோட பேரைச் சேர்க்கணும். மை எஸ்க்யூஎல்ல இப்படி வரும். (கம்ப்யூட்டர்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க!)

கன்கேட்( கோலெஸ்( கன்கேட்(இனிஷியல், '. '), '' ), பேர் )

கவனிச்சீங்களா? பேரை முழுங்கின அதே கெட்ட குணத்தை வெச்சு, இப்போ புள்ளியையும் ஸ்பேஸையும் மட்டும் முழுங்க வெச்சாச்சு. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் பழகினவங்களுக்கு இது பழைய வித்தை. அதுல கூட்டல் குறி போட்டு ஒட்டினா நல் முழுங்கும், ‘அண்ட்’ குறி (&) போட்டா முழுங்காது. இனிஷியலையும் புள்ளியையும் பிராக்கெட்டுக்குள்ள கூட்டல்ல ஒட்டி, வெளியே பேரை ‘அண்ட்’ல ஒட்டிடுவாங்க. முடிஞ்சது ஜோலி. ஆரக்கிள்காரங்களுக்கு மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. அங்கே ‘என்விஎல்2’ போட்டு, இனிஷியல் இருந்தா இது, இல்லைன்னா அதுன்னு தனித்தனியா சொல்லணும்.

இதைவிட ஷார்ட்கட் ஒண்ணும் இருக்கு: ‘கன்கேட்_டபிள்யூஎஸ்’. கடைசி ரெண்டு எழுத்துக்கு ‘வித் செப்பரேட்டர்’னு விரிவு. நடுவுல போட வேண்டியதை முதல்ல ஒரே ஒரு தடவை சொல்லிட்டு, துண்டுகளை வரிசையாக் கொடுத்துட்டா போதும். நல்லா இருக்கற துண்டைத் தாண்டிப் போய், இருக்கறதுக்கு நடுவுல மட்டும் போடும். ஊர், அப்பா, பேருன்னு சிவாஜிக்கு மூணு துண்டு இருந்தாலும் சரி, திண்டிவனத்துப் பொண்ணுக்கு ஒரே துண்டு இருந்தாலும் சரி, ஒரே வரியில வேலை முடிஞ்சுடும். மை எஸ்க்யூஎல்ல இது ரொம்ப நாளா இருக்கு. போஸ்ட்கிரெஸ்ல 2011-ல வந்த 9.1 பதிப்புலயும், எஸ்க்யூஎல் சர்வர்ல 2017 பதிப்புலயும் வந்துச்சு.

ஒரே ஒரு கண்டிஷன். அது நல்லைத்தான் தாண்டும், வெத்து எழுத்தைத் தாண்டாது. யாராச்சும் இனிஷியல் கட்டத்துல ஸ்பேஸ் பாரைத் தட்டிட்டுப் போயிருந்தா மறுபடி தலையில்லாத புள்ளிதான். அதனால ஓரத்து ஸ்பேஸை வெட்ட ‘ட்ரிம்’, வெட்டின பிறகு ஒண்ணுமே மிஞ்சலைன்னா அதை நல் ஆக்க ‘நல்லிஃப்’.

கன்கேட்_டபிள்யூஎஸ்( '. ', நல்லிஃப்( ட்ரிம்(இனிஷியல்), '' ), ட்ரிம்(பேர்) )

டி.பி.எம்.எஸ். லேப் இருக்கறவங்க இதை ரெக்கார்டு நோட்டு ஓரத்துல குறிச்சு வெச்சுக்கங்க. வைவாவுல கேட்டாலும் கேட்பாங்க!

1928-ல பொறந்த இன்னொருத்தர்

ஸ்பேஸ் வர்றதுக்கு எப்பவும் மனுஷங்க விரல் மட்டும் காரணம் இல்லை. ஃபீல்டை ‘கேர்(30)’னு டிசைன் பண்ணியிருந்தா, அதுல எப்பவும் 30 எழுத்து இருக்கணும். இங்கிலீஷ்ல ‘கணேசன்’னு 7 எழுத்து அடிச்சா, மீதி 23 இடத்தையும் டேட்டாபேஸே ஸ்பேஸ் போட்டு ரொப்பிடும். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர்ல அது ஒட்டும்போதும் கூடவே வரும். மை எஸ்க்யூஎல் எடுத்துக் கொடுக்கும்போது வெட்டிட்டுத்தான் கொடுக்கும். ‘வார்கேர்’னு போட்டா இந்தத் தொல்லை இல்லை, அடிச்சது எவ்வளவோ அவ்வளவுதான்.

ஏன் இப்படி இடத்தை ரொப்பற பழக்கம்? ஓட்டை போட்ட அட்டைகள்ல தகவலை வெச்சிருந்த காலத்துலேர்ந்து வந்தது. ஐ.பி.எம். கம்பெனியோட 80 வரிசை அட்டை 1928-ல வந்துச்சு. சிவாஜி பொறந்த அதே வருஷம்! அட்டையில பேருக்கு இத்தனை வரிசைன்னு ஒதுக்கிட்டா ஒதுக்கினதுதான். பேரு சின்னதா இருந்தா மீதி வரிசை சும்மா கிடக்கும். அட்டை போயாச்சு, அந்தச் சும்மா கிடக்கற இடம் மட்டும் இன்னும் சர்டிஃபிகேட்ல வந்து நிக்குது.

தமிழ்லயே டேட்டாபேஸ் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு பள்ளம் காத்துட்டு இருக்கு. ஊர் பேருலேர்ந்து இனிஷியலைத் தானா எடுக்கலாம்னு ‘லெஃப்ட்’ போட்டு முதல் எழுத்தை வெட்டினா, ‘விழுப்புரம்’ல ‘வி’ வராது, ‘வ’தான் வரும். யூனிகோடுல ‘வ’ ஒரு குறி, மேல போடற கொக்கி தனிக் குறி. ‘சின்னையா’ ‘ச’ ஆகிடும். நடிகர் திலகம் ‘வ.ச.கணேசன்’ ஆகிடுவார்! திண்டிவனத்துக்கும் ‘த’தான். ஓமந்தூரார் மட்டும் எஸ்கேப். ‘ஓ’ உயிரெழுத்து இல்லையா, ஒரே குறிதான். 2010-ல தமிழக அரசு யூனிகோடோட சேர்த்து அங்கீகரிச்ச ‘டேஸ் 16’ங்கற முறையில ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறிதான். ஆனா ஊரெல்லாம் ஓடறது யூனிகோடு. அதனால இனிஷியலை வெட்டி எடுக்காம, ஆளுகிட்டயே கேட்டு வாங்கிடறது உத்தமம்.

‘போட்டே ஆகணும்’ கட்டம்

புது சர்டிஃபிகேட்டை கூரியர்ல அனுப்ப மனசு வரலை. விழுப்புரத்துல ட்ரெயின் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம்னு எண்ணிக்கிட்டே திண்டிவனம் ஸ்டேஷன்ல போய் இறங்கினேன். அந்தப் பொண்ணு ஃப்ரெண்டோட வந்திருந்தாங்க. பிளாட்பாரம் பெஞ்சுல உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினோம்.

“அம்மா மட்டும்தாண்ணா. ஸ்கூல்ல சேர்க்கும்போது பேரை மட்டும் எழுதச் சொல்லிட்டாங்க. அம்மா பேரோட முதல் எழுத்தைப் போட்டுக்கலாம்னு சிலர் சொன்னாங்க. எனக்கு என் பேரே போதும்”னாங்க. பிரச்னை என்னன்னா, ஃபார்ம் விடாது. பல ஃபார்ம்ல இனிஷியல் கட்டத்துக்குப் பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். நிரப்பினாத்தான் அடுத்த பக்கம். ஒரு இடத்துல வெறும் புள்ளி வெச்சாங்களாம். ஒரு இடத்துல கோடு. ஒரு இடத்துல ‘என்.ஏ.’ன்னு போட்டு, அடையாள அட்டையில ‘என்.ஏ.’ன்னே இனிஷியலா அடிச்சு வந்துடுச்சாம். ஒரே பொண்ணு, நாலு இடத்துல நாலு பேரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

இது அவங்க ஒருத்தர் கதை இல்லைங்க. பான் கார்டுக்குப் பல வருஷமா நிரப்பின 49ஏ படிவத்துல கடைசிப் பேரு கட்டாயம், அதைச் சுருக்கி எழுதவும் கூடாது. ஒத்தைப் பேருக்காரங்க தங்க பேரைக் கொண்டுபோய் கடைசிப் பேரு கட்டத்துல போட்டாங்க. நம்ம ஊரு இனிஷியல்காரங்க அப்பா பேரை விரிச்சு எழுதி, கார்டுல அப்பா பேரு தன் பேரு மாதிரி வந்து நிக்கறதைப் பார்த்து முழிச்சாங்க. அமெரிக்க விசாவுல, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா, இன்னொரு கட்டத்துல ‘எஃப்.என்.யூ.’ன்னு அடிப்பாங்க. ‘முதல் பேர் தெரியாது’ன்னு அர்த்தம். நம்ம நல்லுக்கு அண்ணன்! 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ளே விட மாட்டோம்னு அறிவிச்சுது. அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு விளக்கம் வந்துச்சு.

அங்கெல்லாம் விதியை மாத்தற இடத்துல நாம இல்லை. ஆனா கேம்பஸ் ஃபங்ஷனுக்கு ஃபார்ம் போடறது யாரு? நாமதானே? எங்க ஃபார்ம்ல இப்போ ‘சர்டிஃபிகேட்ல உங்க பேர் எப்படி வரணும்?’னு ஒரே ஒரு பெரிய கட்டம் வெச்சிருக்கோம். அதுல அடிக்கறது அப்படியே பிரின்ட் ஆகும். வரிசைப்படுத்தறதுக்கு மட்டும் தனிக் கட்டம். இனிஷியல் கட்டத்துல சிவப்பு நட்சத்திரம் அவுட். டெஸ்ட் டேட்டாவுல முதல் வரி, இனிஷியல் இல்லாத ஒரு பேரு.

இதையெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டே சர்டிஃபிகேட்டை நீட்டினேன். வாங்கினதும் கோட்டுக்கு மேல இருந்த பேரைப் பார்த்தாங்க. முன்னாடி இடம் ஏதாவது இருக்கான்னு நகத்தை வெச்சுப் பார்த்தாங்க. இல்லை.

“அண்ணா, ஒரு டவுட்டு. ட்ரிம் ஓரத்துல இருக்கற ஸ்பேஸைத்தானே வெட்டும்? பேருக்கு நடுவுல யாராச்சும் ரெண்டு ஸ்பேஸ் விட்டிருந்தா?”

எனக்கு பதில் தெரியலை. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. மை எஸ்க்யூஎல் 8-ல ‘ரெக்எக்ஸ்பி_ரீப்ளேஸ்’னு ஒண்ணு இருக்காம், வரிசையா எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் ஒண்ணாக்கிடுமாம். சர்டிஃபிகேட் கவர் மேலேயே எழுதிக் காட்டினாங்க. கவரை நான் வாங்கிட்டு வந்துட்டேன்.